கிடந்த குப்பைக்கு ஒரு கையெழுத்து

1

இந்த ஊரில் என்னைக் கோர்ட்டு கிராணி என்பார்கள். மலாயாவில் எழுத்து வேலை பார்க்கிற தமிழன் எவனுக்கும் கிராணி என்றுதான் பெயர். நான் பார்ப்பது மொழிபெயர்ப்பு வேலை. மாஜிஸ்திரேட் துரை இங்கிலீஷில் கேட்பதைத் தமிழில் கேட்பேன். கூண்டில் நிற்பவன் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் சொல்வேன். நடுவில் என் சொந்தப் பேச்சு ஒரு வார்த்தை வரக்கூடாது. பதினான்கு வருஷம் இப்படியே பழகியதில், கோர்ட்டுக்கு வெளியிலும் சொந்தப் பேச்சு குறைந்துவிட்டது. மனைவி இருந்தவரை வீட்டில் சத்தம் இருந்தது. அவள் போய் நான்கு வருஷம் ஆகிறது. மகன் ராஜு பக்கத்துப் பெரிய ஊரில் விடுதியில் தங்கி இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறான். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயிலேறிவிடுவான். மற்ற நாட்களில் பால் கொண்டுவரும் பஞ்சாபிக்காரரிடம் மலாய் மொழியில் இரண்டு வார்த்தை பேசுவேன். அத்தோடு சரி.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு வழக்கு வந்தது. குற்றவாளியின் பெயர் கருப்பணன். திருவாதவூரிலிருந்து வந்து ரயில்பாதைக் கூலியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ரயில்வே லயத்துக்கு, அதாவது கூலிகளின் வரிசை வீடுகளுக்கு, முன்னால் ஓடும் சாக்கடையில் குப்பை கொட்டினான் என்பது குற்றம். சுகாதார இன்ஸ்பெக்டர் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

துரை கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "நீ சாக்கடையில் குப்பை போட்டாயா?"

"அங்கன ஏற்கெனவே குப்பை கிடந்துச்சுங்க. கிடந்த எடத்துலதான் போட்டேன்."

இங்கிலீஷில் சொன்னேன். துரை பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் ஏற்கெனவே போட்டது யார்?"

அதையும் கேட்டேன். கருப்பணன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"யாரும் போடலைங்க. கிடந்துச்சு."

அந்தப் பதிலை இங்கிலீஷாக்க முடியாமல் நின்றேன். தமிழில் அது குற்றமே இல்லாத வாக்கியம். மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது மாதிரி, குப்பை கிடந்தது. துரைக்கோ போட்டவன் ஒருவன் வேண்டும். கடைசியில், 'குப்பை தானாகவே அங்கே இருந்தது' என்று ஒருமாதிரி சொல்லிவைத்தேன். கோர்ட்டே சிரித்தது. கருப்பணனுக்குச் சின்ன அபராதம் போட்டு அனுப்பினார்கள்.

வராந்தாவில் அவன் என்னிடம் வந்தான். "அய்யா பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு மாதிரி இருக்குதே. எந்தூருங்க?"

"இந்த ஊர்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது தெரியவில்லை. "அப்படிங்களா. மதுரையோன்னு நெனச்சுப்புட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் சாப்பாட்டு வேளை முழுவதும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

2

தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்து. எங்கள் வீடு அதில்தான். அண்ணன் குடும்பம் இன்னும் அங்கே இருப்பதால் சந்தின் பெயரை எழுதவில்லை. பன்னிரண்டு வீடுகள். சந்து முடிகிற இடத்தில் எப்போதோ இடிந்த ஒரு வீட்டின் குட்டிச்சுவர் நின்றது. அந்தச் சுவரோரம்தான் எல்லா வீட்டுக் குப்பையும் போய்ச் சேரும். அடுப்புச் சாம்பல், எச்சில் இலை, தலைமுடி, கிழிந்த பாய், பிள்ளை துடைத்த துணி. கொண்டுபோய்ப் போடுவதில் யாருக்கும் கூச்சமில்லை. போட்டுவிட்டுத் திரும்பும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோம்.

அள்ளுவதற்கு ராக்காயி வருவாள். நகரசபைத் துப்புரவு ஆள். எங்களோடு சேர்த்து ஐந்து சந்துகள் அவளுக்கு. விடியும் முன்னே விளக்குமாறு சத்தம் கேட்கும்; நாங்கள் எழுந்து வாசல் தெளிக்கும்போது அவள் போயிருப்பாள். அவளை நான் நேராகப் பார்த்துப் பேசியதே இல்லை. எங்கள் சந்தில் யாருமே பேசியதில்லை. அவள் சாதிக்கு வாசல்படியே எல்லை. வெயில் நாளில் தண்ணீர் கேட்டால் அண்ணன் மனைவி, என் மதினி, எட்ட நின்று அவள் கையில் ஊற்றுவாள்.

நான் அப்போது ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வயது இருபத்து மூன்று. என் இங்கிலீஷ் கையெழுத்தை வக்கீலே மெச்சுவார். அண்ணன் சங்கரபாண்டி தாலுகா ஆபீசில் இருந்தார். அப்பா, அம்மா இருவரும் முன்பே காலமாகிவிட்டதால் அண்ணன்தான் எனக்கு எல்லாம்.

ஒரு சித்திரையில் சந்துக்குள் இரண்டு கல்யாணம் அடுத்தடுத்து நடந்தன. எச்சில் இலை சுவருக்குப் பாதி உயரம் ஏறிவிட்டது. நாற்றத்தில் மதினியால் கொல்லைச் சன்னலைத் திறக்க முடியவில்லை. அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"சொக்கு, நகரசபைக்கு ஒரு மனு எழுதுடா. குப்பைக்காரி ஒழுங்கா வாரதில்ல. இங்கிலீஷ்ல எழுதுனாத்தான் அவிங்களுக்கு உறைக்கும்."

எழுதினேன். சந்தின் முனையில் குப்பை கிடக்கிறது, துப்புரவு ஆள் கடமையைச் செய்வதில்லை, கனம் பொருந்திய அதிகாரிகள் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். நான்கு தடவை கிழித்துப்போட்டு, ஐந்தாவது தடவை நல்ல தாளில் எழுதினேன். பன்னிரண்டு வீட்டுப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு அண்ணன் போட்டார். எதிர்வீட்டுக்காரர் மனுவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எழுத்தா இது, முத்து!" என்றார். அன்று பூராவும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒரே வாரத்தில், துப்புரவு ஆட்களை வேலை வாங்கும் அந்த வட்டத்து மேஸ்திரி வந்தான். சுவரைப் பார்த்தான், மனுவைப் பார்த்தான். ராக்காயிக்கு வேலை போனது.

3

இரண்டு நாள் கழித்து அவள் சந்து வாசலில் நின்றாள். கையில் விளக்குமாறு இல்லாமல் அவளை அன்றுதான் பார்த்தேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னை மறித்தாள்.

"மனு எழுதுனது நீங்கதானா சாமி?"

"ஆமா."

"குப்பை கிடக்குன்னு எழுதுனீகளாம். யாரு கொட்டுனதுன்னு எழுதுனீகளா?"

அவள் குரலை உயர்த்தினாள். எனக்காக அல்ல, பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கட்டும் என்று.

"அஞ்சு சந்து சாமி எனக்கு. இந்த ஒரு மொனையில மட்டும் விடியமுன்ன ரெண்டு கூடை அள்ளுவேன். மத்தியானம் வந்து பாத்தா மறுக்கா ரெண்டு கூடை. அம்புட்டையும் நானா எங்க வீட்டுலருந்து கொண்டாந்து போட்டேன்?"

ஒரு கதவும் திறக்கவில்லை. உள்ளேயிருந்து மதினி, "தம்பி, உள்ள வாங்க. அவகிட்ட என்ன பேச்சு?" என்றாள். நான் உள்ளே போனேன். வெளியே போக வேண்டியவன் உள்ளே போனேன். திரும்ப வந்து பார்த்தபோது அவள் இல்லை.

அவளுக்குப் பதில் ஆள் வரவேயில்லை. குப்பை சுவரைத் தாண்டியது. எலி வந்தது. பிறகு சண்டை வந்தது. உன் வீட்டு இலை என் வாசலுக்குப் பறந்து வந்துவிட்டது என்று ஒரு வீடு. "எங்க வீட்டுல நேத்து வத்தக்குழம்பு. இந்த இலையில பருப்பு ஒட்டியிருக்கு. இது எங்களுது இல்ல" என்று இன்னொரு வீடு. எச்சில் இலையைக் குச்சியால் கிளறிச் சாட்சி தேடினார்கள்.

ஒரு காலையில் அப்படி யாரோ கிளறிவிட்ட இடத்தில் கிழிந்த நான்கு தாள்கள் கிடந்தன. குனிந்து பார்த்தேன். குப்பையைப் பற்றி நான் எழுதிக் கிழித்துப்போட்ட மனு. முத்து முத்தான என் கையெழுத்து, சாம்பலும் ஈயுமாக. அதை அங்கே கொண்டுபோய்ப் போட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. போட்டபோது ஒன்றும் தோன்றவில்லை.

4

ராக்காயி அவனியாபுரத்தில் தங்கச்சி வீட்டோடு இருக்கிறாள் என்று பக்கத்துச் சந்துத் துப்புரவுக்காரர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே போனேன். வெயில் சுள்ளென்று அடித்தது. ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிற்கவில்லை. தலையில் கல்லோடு நடந்துகொண்டே பேசினாள்; நான் பின்னாலேயே ஓடினேன்.

"நாங்க செஞ்சது தப்பு" என்றேன்.

"எங்கிட்ட வந்து சொல்லி என்ன சாமி ஆகும்? கையெழுத்துப் போட்டவுககிட்டப் போய்ச் சொல்லுங்க."

"இன்னொரு மனு எழுதுறேன். குப்பை போட்டது நாங்கதான்னு எழுதுறேன். உன் முழுப் பேரைச் சொல்லு. பேரு எழுதணும்."

கல்லை இறக்கிவைத்துவிட்டு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"போன மனுல என் பேரு எழுதலையா?"

"இல்ல. துப்புரவு ஆளுன்னுதான் எழுதுனேன்."

"பேரே இல்லாமத்தான் என் சோறு போச்சா" என்றாள். கோபமாகக்கூட இல்லை. தலைச்சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த கல்லுக்குப் போனாள். முழுப் பெயரை, அங்கேயே கல் சுமந்துகொண்டிருந்த அவள் தங்கச்சி சொன்னாள்.

5

இரண்டாவது மனுவை எழுத ஒரே தாள்தான் ஆனது. இந்தச் சந்தில் கிடக்கும் குப்பை நாங்கள் போட்டது. ராக்காயி என்பவள் தினமும் அள்ளிவந்தாள். அவளை மறுபடியும் வேலையில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

எதிர்வீட்டுக்காரர் படித்துவிட்டு, "நாங்க எங்கப்பா போட்டோம்? அங்கன கிடக்குது" என்றார். அடுத்த வீட்டம்மாள், "அள்ளுறதுக்குத்தானே ஆளு வச்சிருக்கு" என்றாள். ஒருவர் கண்ணாடி இல்லை என்றார். ஒரு வீட்டில் ஆள் இருந்தும் இல்லை என்று பதில் வந்தது. பதினொரு வீடு முடித்துக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தேன்.

அண்ணன் இரண்டு தரம் படித்தார். "ஆபீஸ்ல எனக்கு ஒரு மரியாதை இருக்குடா. குப்பை கொட்டுனது நான்தான்னு என் கையெழுத்துல எழுதித் தரச் சொல்றியா?"

"நாமதானேண்ணே கொட்டுனோம்."

"ஊரே கொட்டுது. நீ மட்டும் என்னத்துக்குத் தலையைக் குடுக்குற?"

அவர் முன்னாலேயே நான் ஒருவன் மட்டும் கையெழுத்துப் போட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

சுகாதார ஆபீசில் மனுவை வாங்கிய எழுத்தர் வெகுநேரம் குழம்பினார். "மனுன்னா அடுத்தவன் மேல குறை சொல்லணும் தம்பி. நீ உன் மேலயே சொல்லியிருக்கே. இதை எந்த நோட்டுல ஏத்துறது?" இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் படித்தார். மூன்று நாள் அலைந்தேன். நான்காம் நாள் அவர்களுக்கு வழி கிடைத்துவிட்டது. பொது இடத்தில் குப்பை கொட்டியதாக நானே ஒப்புக்கொண்டிருப்பதால் என் மேல் வழக்குப் போட்டார்கள்.

பெஞ்சு கோர்ட்டில் சேவகன் என் பெயரை மூன்று தடவை கூவினான். நான் வேலை பார்த்த வக்கீலும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். அந்தச் சந்தில் குப்பைக்காகத் தண்டனை வாங்கியவன் நான் ஒருவன்தான். ஆனால் மனு மேலே போயிருக்கிறது. ராக்காயிக்கு வேலை திரும்பக் கிடைத்தது, எங்கள் பக்கம் அல்ல, வடக்கே வேறு வட்டத்தில். மேஸ்திரி சொல்லித்தான் தெரியும். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வெட்கமாக இருந்தது.

அதன்பின் எங்கள் வீட்டுக் குப்பையைக் கூடையில் எடுத்து, பெரிய வீதியில் குப்பை வண்டி நிற்கும் இடம் வரை நானே கொண்டுபோனேன். தினமும் காலையில். நான் கூடையோடு வருவதைப் பார்த்தால் திறந்திருந்த கதவுகள் மூடிக்கொள்ளும். மதினி அழுதாள். "ஏன் தம்பி இப்படி எங்க மானத்தை வாங்குறீக?" பசுமலையில் ஒரு வாத்தியார் மகளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். கூடை தூக்குகிற மாப்பிள்ளை வேண்டாம் என்று அங்கிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அண்ணன் என்னிடம் பேசவில்லை. பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார். ரசம் வேண்டுமென்றால் மதினியைப் பார்த்து, "அவனுக்கு ஊத்து" என்பார். மூன்று மாதம் இப்படி.

தனிமை கப்பலேறியபின் வந்தது என்றுதான் இங்கே வருகிறவர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அது பிறந்த வீட்டில், அண்ணனுக்கு ஒரு முழம் தள்ளிப் போட்ட இலையில் தொடங்கியது. மலாயாவில் ஆள் எடுக்கிறார்கள் என்று வக்கீல்தான் சொன்னார். நாகப்பட்டினத்துக்கு ரயிலேறியபோது அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்தார். வண்டி நகரும் வரை ஒன்றும் பேசாமல் நின்றவர், நகர்ந்தபின் கூடவே நான்கு எட்டு நடந்து, "ஒடம்பைப் பாத்துக்கடா" என்றார். அத்தோடு பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

6

கருப்பணனிடம் பொய் சொன்ன வாரத்து ஞாயிற்றுக்கிழமை, ராஜுவையும் அழைத்துக்கொண்டு ரயில்வே லயத்துக்குப் போனேன். கருப்பணன் வாசலில் துணி தைத்துக்கொண்டிருந்தான்.

"நானும் மதுரைதான். அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவன் சிரித்தான். "தெரியும்ணே. கூண்டுல நின்னு நான் 'அங்கன'ன்னு சொன்னப்பவே ஒங்க மூஞ்சி மாறிப்போச்சு." அய்யா போய் அண்ணே ஆகியிருந்தது. அந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொல்லி எத்தனை வருஷம்! நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அபராதம் கட்டியபின்னும் சாக்கடை அப்படியேதான் இருந்தது. "நான் போட்டதை மட்டும் அள்ளிட்டேன்ணே. மிச்சம் யாருதுன்னு தெரியல" என்றான். "வா, யாருதுன்னு கேக்காம அள்ளுவோம்" என்றேன். அவன் மண்வெட்டி கொண்டுவந்தான். நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். லயத்து ஆட்கள் கோர்ட்டு கிராணி சாக்கடையில் இறங்கியதை வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்சநேரம் கழித்து ஒரு கிழவர் மட்டும் கூடையோடு வந்தார்.

ராஜு எட்ட நின்றான். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். 'மழை கீழே வருகிறது' என்பான். 'எனக்குப் பசி இருக்கிறது' என்பான். ஆனால் அன்று ஒரு பிழையும் இல்லாமல் சொன்னான்: "அதுக்கு ஆள் இருக்குல்லப்பா."

கடலுக்கு இந்தப் பக்கம் பிறந்து, எங்கள் சந்தையே பார்க்காத பையன். இந்த ஒரு வாக்கியத்தை யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? நான்தானோ? வீட்டில் வேலைக்கு வரும் சீன அம்மாளைக் காட்டி எத்தனை தடவை இதையே சொல்லியிருப்பேன்.

திரும்பி நடந்து வரும்போது அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சந்து, மனு, சூளை, கூடை எல்லாம். பாதி தமிழில், புரியாத இடத்தில் இங்கிலீஷில். மனைவியிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. ஸ்டேஷன் வந்ததும் கேட்டான்:

"அப்புறம் அவங்க என்ன ஆனாங்கப்பா?"

"யாரு?"

"ராக்காயி அவங்க."

எங்கள் சந்தில் யாரும் அவளை 'அவங்க' என்று சொல்லிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"தெரியல" என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லையா?"

வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டான். நான் அவனுக்குக் கை காட்டினேனா என்று நினைவில்லை.

7

கேட்டதே இல்லை. பதினான்கு வருஷத்தில் அண்ணனுக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். மதினியின் முழங்கால் வலி, பிள்ளைகளின் படிப்பு, வைகையில் தண்ணீர் வந்ததா என்பது வரை கேட்டிருக்கிறேன். ராக்காயி பெயரை ஒருமுறையும் எழுதவில்லை. கூடை தூக்கியது பற்றி மனதுக்குள் ஒரு கர்வம் இருந்தது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. கஷ்டப்பட்டவன் நான் என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

அன்றே அண்ணனுக்கு எழுதினேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. கூரைக்கு ஓடு மாற்றியிருக்கிறார்கள். பெரியவனுக்கு ரயில்வேயில் வேலை ஆகிவிட்டது. மதினி என்னைக் கனவில் கண்டாளாம். கடைசி வரியில், 'நீ கேட்டிருந்த அந்தப் பழைய கதை இப்போது எதற்கு?' என்று இருந்தது. சந்து முனையில் இப்போது குப்பை கிடக்கிறதா, இல்லையா என்றுகூட எழுதவில்லை.

ஆகவே இதை வாசிக்கிற மதுரைக்காரர்களைக் கேட்கிறேன். வடக்கு வட்டத்துச் சந்துகளில் விடியற்காலையில் பெருக்க வருகிறவர்களில் ராக்காயி என்று ஒருவர் இருக்கிறாரா? இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். கறுப்பாக, ஒடிசலாக இருப்பார். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு உண்டு. குரல் பெரியது. தங்கச்சி அவனியாபுரத்தில் இருந்தார். கூப்பிட்டு விசாரிக்கும்போது தயவுசெய்து வாசல்படிக்கு வெளியே நிறுத்திக் கேட்காதீர்கள். இருக்கிறார் என்றால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். இல்லை என்றாலும் எழுதுங்கள். என் மகன் சனிக்கிழமைதோறும் ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் அதைத்தான் கேட்கிறான்.